முட்டி கடுக்குதா, குடையுதா?

டீச்சரிடம் கேளுங்கள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தான்சானியாவிலிருந்து பிசியோதெரபி படிக்க வந்திருக்கும் ஒரு பெண் சனிக்கிழமைதோறும் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து தமிழ் பேசிப் பழகுகிறாள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

*

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியை, தன்னிடம் படிக்கும் ஆப்பிரிக்க மாணவி ஒருத்தியோடு வாரம் ஒரு மணி நேரம் தமிழ் பேச முடியுமா என்று கேட்டார். பதிலுக்கு அந்தப் பெண் என்னோடு இங்கிலீஷ் பேசுவாளாம். எனக்கு ஆசைதான் டீச்சர். ஆனால் நான் பிளஸ் டூவோடு நின்றவள். யாருக்கும் சொல்லிக் கொடுத்துப் பழக்கமில்லை. ஒரு மணி நேரம் என்ன பேசுவது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: ஒத்துக்கொள் கண்ணு. இந்த இதழை மடித்து வைத்ததும் மாடிக்குப் போய் சரி என்று சொல்லிவிட்டு வா.

சொல்லிக் கொடுத்துப் பழக்கமில்லை என்கிறாயே, அதுதான் உனக்கு நல்லது. நான் 34 வருஷம் தமிழ் டீச்சர். அந்தப் பழக்கத்தால்தான் முதல் நாளையே கெடுத்துக்கொண்டேன். எப்படி என்று சொல்கிறேன், நீ அந்தத் தப்பைச் செய்யாமல் இருப்பாய்.

முதல் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியில் புது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். "நான் நேத்து சந்தைக்கு போறேன்" என்று ஆரம்பித்தாள். "போனேன்" என்றேன். "போனேன். கடைக்கார அம்மா நல்லா பேசினான்." "பேசினாங்க" என்றேன். "பேசினாங்க. எனக்கு ரெண்டு மாங்காய் கொடுத்தான்." "கொடுத்தாங்க." ஒரு மணி நேரமும் இப்படியே. நான் திருத்தத் திருத்த அவள் வாக்கியம் சுருங்கிக்கொண்டே போனது. அஞ்சு மணிக்கு வெறும் "ஆமா", "இல்ல" மட்டும்தான் மிஞ்சியது. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. பரீட்சை என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சிவப்பு மையைப் பார்த்துப் பார்த்து, கடைசி பெஞ்சுக்குப் போய் வாயை மூடிக்கொண்ட எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்தவள். இந்தப் பெண்ணை அங்கே அனுப்பியது நானேதான் என்று தெரிந்தபோது ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவளுடைய பேராசிரியை மூலமாக ஒரு செய்தி அனுப்பினேன்: "பாடம் எதுவும் கிடையாது. எனக்கு முட்டி வலி, உட்கார்ந்து களி கிண்ட முடியவில்லை. வந்து ஒரு கை கொடுப்பாயா?"

வந்தாள். அடுக்களை வாசலிலேயே நின்றாள். உலையில் ராகி மாவைக் குவித்துப் போட்டு, துடுப்பின் அடிக்காம்பால் நடுவில் குழி விட்டு, வேகட்டும் என்று நான் ஒதுங்கியதும், எட்டி ஒரு பார்வை பார்த்தாள். முகமே மாறிவிட்டது. "உகாலி!" என்றாள். பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்ததும் என் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, துணியைச் சுற்றி விளிம்பைப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தித் திருப்பித் திருப்பிக் கிண்டினாள். கட்டியே இல்லை. நம் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் மாதிரி. அவர்கள் ஊரில் பெரும்பாலும் மக்காச்சோள மாவில் செய்வார்களாம். பாட்டி ஊரில் ராகியிலும் உண்டாம். களிக்கு உகாலி, கூழுக்கு உஜி, துடுப்புக்கு ம்விகோ. கையைக் கழுவிக்கொண்டு வலது கையால் உருட்டிக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவதுகூட இங்கே போலத்தான்.

அன்றைக்குத்தான் அவள் பேசினாள். பாட்டி, பாட்டியின் ஆடு, மழை வராத வருஷம், தம்பி உகாலியைக் கருகவிட்டு வாங்கிய அடி என்று முக்கால் மணி நேரம். தப்பு இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எனக்குப் புரியாத வாக்கியமும் ஒன்றுகூட இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு தெரிந்துகொண்டேன், ராகியே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தான் முதலில் பயிரானதாம், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. நம் மாவட்டத்துத் தானியம், நம் மாவட்டத்துத் தானியம் என்று நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அது அவள் பாட்டி வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது.

அதனால் என்ன பேசுவது என்று நீ யோசிக்காதே, என்ன செய்வது என்று யோசி. எதிரெதிரே உட்கார்ந்து "ம், பேசு" என்றால் யாருக்கும் வாய் வராது. அவரைக்காய் ஆயுங்கள். பூ கட்டுங்கள். புடவை மடியுங்கள். கையில் வேலை இருந்தால் கண் அதில் இருக்கும், கூச்சம் போய்விடும், வேண்டிய வார்த்தையும் எதிரிலேயே கிடக்கும். நாங்கள் ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டோம். கல் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் போர்டு படிப்பதுதான் அன்றைய வேலை. மாரண்டஅள்ளி போர்டைப் பார்த்ததும், "அங்கே எல்லாரும் எதை அள்ளுறாங்க?" என்று கேட்டாள். முந்தின வாரம்தான் அடுக்களையில் 'மாவை அள்ளு' கற்றிருந்தாள். அள்ளி என்றால் கன்னடத்து ஹள்ளி, ஊர் என்று அர்த்தம். பைசுஅள்ளி, இன்னும் எத்தனையோ அள்ளி நம் இரண்டு மாவட்டத்திலும் உண்டு என்றேன். ஒகேனக்கல் போர்டு வந்தது. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, புகைகிற கல் என்றேன். அருவியை அதற்கு முந்தின மாதம்தான் பார்த்திருந்தாள். "ஆமா, தண்ணி புகை!" என்று கை தட்டினாள். எழுத்து தனியாகச் சொல்லித் தர வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் பின்னால் கேட்பாய். பஸ் போர்டு போதும்.

இப்போது முக்கியமான ஒன்று. அவள் வார்த்தை தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஓர் ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் நேரத்தை அளந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறாராம். அதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார், இல்லை தானே பதில் சொல்லிவிடுகிறார். அதே ஆசிரியர் மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதை எனக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், குறித்தும் வைத்தேன். ஆனால் வகுப்பில் 60 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பொறுக்கவில்லை. இப்போது பொறுக்கிறேன். அவள் வார்த்தை தேடும்போது மேலே ஃபேனைப் பார்ப்பாள், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உப்புக்கல்லைத் தேய்ப்பது போலத் தேய்ப்பாள். எனக்கு நாக்கு நுனியில் அந்த வார்த்தை துடிக்கும். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவேன். ஒரு நாள் ஏழு வரை எண்ணினேன். "மற… மறந்… மறந்துட்டேன்!" என்றாள். அந்த வார்த்தையைத்தான் தேடியிருக்கிறாள். அதற்குப் பிறகு அதை அவள் ஒரு தடவைகூடத் தடுமாறிச் சொன்னதில்லை.

அப்படியானால் தப்பைத் திருத்தவே கூடாதா என்றால், திருத்தலாம், குழந்தைக்குத் தாய் திருத்துகிற மாதிரி. "நேத்து சந்தைக்கு போறேன்" என்றால், "அட, நேத்து சந்தைக்குப் போனியா? என்ன வாங்கினே?" என்று கேள். சரியான வார்த்தை காதில் விழுந்துவிடும், பேச்சும் அறுபடாது. இன்னொன்று, அவள் எல்லாரையும் 'அவன்' என்றால் சிரித்துவிடாதே. தான்சானியா, கென்யா பக்கத்துப் பெண்ணாக இருந்து சுவாஹிலி பேசுகிறவளாக இருந்தால், அந்த மொழியில் அவனும் அவளும் ஒரே வார்த்தைதான், யேயே. என் வீட்டுக்கு வருகிறவள் என் மாமியார் படத்தைக் காட்டி "அவன் யாரு?" என்று கேட்டாள். நான் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக "இவங்க", "அவங்க" என்று பேசினேன். முதலில் 'அவங்க', 'நீங்க', 'வாங்க' இவற்றையே பழக்கு. சின்னப் பையனை 'நீங்க' என்றால் அவன் சந்தோஷப்படுவான். பெரியவரை 'நீ' என்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம். மரியாதை என்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் "ஷிகாமூ" என்பார்கள், பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். நீயும் அதைக் கற்று வைத்துக்கொள். உன் மாமியாருக்கும் சொல்லிக் கொடு.

உன் இங்கிலீஷுக்கு வருகிறேன். நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள். அரை மணி தமிழ் மட்டும், அரை மணி இங்கிலீஷ் மட்டும், கடிகாரத்தைப் பார்த்து. ஐரோப்பாவில் இப்படி இருவர் மாறி மாறிப் பேசிப் பழகுவதை டான்டெம் என்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயர் அது. பிரிக்காவிட்டால் இருவருக்கும் சுலபமாக வருகிற மொழி மற்றதை விழுங்கிவிடும். உன் அரை மணியில் வெட்கப்படாதே. அவள் தான்சானியாக்காரியாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்: அங்கே அரசுப் பள்ளியில் ஆரம்பப் படிப்பு சுவாஹிலியில், உயர்நிலைக்குப் போனபின்தான் எல்லாம் இங்கிலீஷில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் காலேஜில் திணறுகிற நம் பிள்ளைகளின் கஷ்டம் அவளுக்குத் தெரியும். உன்னைப் பார்த்து அவள் சிரிக்கமாட்டாள்.

*

கேள்வி: எங்கள் பகுதிப் பசுமைக்குடிலில் ரோஜா சாகுபடி பற்றிப் படிக்க ஒரு வெளிநாட்டு மாணவர் வந்திருக்கிறார். மாலையில் என்னோடு தமிழ் பேச விரும்புகிறார். எங்கள் வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். என் தமிழ் கொச்சையாகத்தான் இருக்கும். என்னிடம் கற்றால் அவர் தமிழ் கெட்டுவிடாதா? எந்தத் தமிழில் பேசுவது?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் தமிழில் பேசுங்கள் தம்பி. ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் என்ன தமிழ் பேசுகிறார்களோ அதுதான் அவருக்கு வேண்டிய தமிழ். தமிழாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு என்பது இந்த மொழியின் இயல்பு. இத்தாலியிலிருந்து வந்து 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர், வெளிநாட்டுப் பாதிரியார்களுக்காக லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதியபோது ஒன்றோடு நிறுத்தவில்லை. செந்தமிழுக்கு ஒன்று, பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்குத் தனியாக ஒன்று. இரண்டாவது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. காவியம் பாடிய புலவரே பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

என் சனிக்கிழமைப் பெண் மூன்றாவது மாதம் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். பயிற்சிக்காக அவளைக் கிளினிக்கில் விட்டிருந்தார்கள். ஏதோ ஒரு கையேட்டில் இருந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம், "தங்களுக்கு எவ்விடத்தில் வேதனை உள்ளது?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாராம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத வாக்கியம் அது. யாருக்கும் உதவாத வாக்கியம்.

"எங்க வலிக்குது பாட்டி?" என்று மாற்றிக் கொடுத்தேன். அது பாதிதான். பாட்டி திருப்பிச் சொல்கிற பதில் புரிய வேண்டுமே! நம் ஆட்கள் வலிக்குது என்பதோடு நிறுத்துவார்களா? என் வலது முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரொம்ப தூரம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் வருவது, கடுக்குது. மழை நாளில் ராத்திரி எலும்புக்குள்ளே யாரோ துளை போடுகிற மாதிரி இருப்பது, குடையுது. ஊசியால் குத்துவது போல இருந்தால் குத்துது. மிளகாய் தடவின மாதிரி இருந்தால் எரியுது. தொடையிலிருந்து கீழே நரம்போடு போனால் இழுக்குது. ஒரே இடத்தில் அடித்து அடித்து நின்றால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. குனிந்தவர் நிமிர முடியாவிட்டால் புடிச்சுக்கிச்சு. கிள்ளினாலும் தெரியவில்லை என்றால் மரத்துப் போச்சு. அவள் ஒவ்வொன்றையும் சுவாஹிலியிலும் இங்கிலீஷிலும் பக்கத்தில் எழுதினாள். சிலவற்றுக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல் படம் வரைந்தாள். குடையுது என்பதற்கு எலும்புக்குள் ஒரு வண்டு. 'எரியுது', 'மரத்துப் போச்சு' என்ற இரண்டையும் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டாள். நரம்பில் கோளாறு இருக்கலாம் என்பதற்கு நோயாளி தருகிற அடையாளம் அந்த இரண்டு வார்த்தையும்தானாம், விட்டுவிடக் கூடாதாம்.

நடுவில் என் முட்டியைத் தொட்டுப் பார்த்து "போலே" என்றாள். ஒருவர் கஷ்டப்படுகிறபோது அவர்கள் சொல்கிற வார்த்தை அது. மன்னிப்பு இல்லை, உன் வலி எனக்குத் தெரிகிறது என்கிற அர்த்தம். நம்மிடம் அதற்கு ஒற்றை வார்த்தை இருக்கிறதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'அச்சச்சோ' கொஞ்சம் கிட்டே வருகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர் "மொட்டி ரெண்டும் கொடையுது கண்ணு" என்றாராம். முட்டி மொட்டியாகி, குடையுது கொடையுது ஆகியும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. "ராத்திரியிலயா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். தம்பி, உங்கள் தோட்டத்திலும் இப்படி வார்த்தைகள் இருக்கும். மொட்டு, அரும்பு, கவாத்து, போத்து, பதியன் என்று நீங்கள் தினமும் புழங்குகிறவை. எந்தப் புத்தகத்தை விடவும் அவருக்கு நீங்கள்தான் சரியான ஆள். கன்னடமும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். தேன்கனிக்கோட்டையில் இருக்கிறவருக்கு அது உபரி இல்லை, தேவை.

*

கேள்வி: பொங்கலுக்கு அந்த மாணவியை இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்க வைக்கலாமா? என் பேரனுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கச் சொல்லி மாதம் ஏதாவது கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன்.
– ஓய்வு பெற்ற ஒரு வாசகர், தருமபுரி

பதில்: தாராளமாகக் கூப்பிடுங்கள் ஐயா. ஆனால் வெளிநாட்டவரை ராத்திரி தங்க வைத்தால், 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் (முன்பு இதைச் 'சி படிவம்' என்பார்கள்). ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும்தான். பாஸ்போர்ட், விசா விவரம் வேண்டியிருக்கும். கல்லூரியிலும் விடுதியிலும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காலையில் வந்து, பொங்கல் பொங்குவதைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் விடுதிக்குப் போவதானால் இந்த வேலையே இல்லை.

டியூஷனுக்குப் பணம் வேண்டவே வேண்டாம். மாணவர் விசாவில் வந்தவர்கள் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. நீங்கள் அன்பாகக் கொடுப்பது அவள் படிப்புக்கே வினையாக முடியலாம். பேரனோடு கேரம் ஆடச் சொல்லுங்கள், ஆட்டம் முழுக்க இங்கிலீஷில். போகும்போது ஒரு டப்பாவில் எள்ளுருண்டை கட்டிக் கொடுங்கள்.

*

கேள்வி: என்னோடு பேசிப் பழகும் வெளிநாட்டுப் பெண் வந்து போகும்போதெல்லாம் தெருவே வேடிக்கை பார்க்கிறது. ஒருவர் அவள் முடியைத் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் நிற்கிறார்கள். அவள் நிறத்தைப் பற்றி என் சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். அவளுக்குப் புரிகிறதோ என்று தவிப்பாக இருக்கிறது. என்ன செய்ய?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: அவளுக்குப் புரிகிறது தங்கச்சி. இதில் சந்தேகமே வேண்டாம். எந்த மொழியிலும் ஆள் முதலில் கற்றுக்கொள்வது தன்னைப் பற்றிப் பேசுகிற வார்த்தையைத்தான். என் வீட்டுக்கு வருகிறவள் பழகிய கொஞ்ச நாளிலேயே கேட்டாள், "கறுப்பின்னா திட்டா?" என்று. நாக்கு ஒட்டிக்கொண்டது எனக்கு. நிறத்தின் பெயர், திட்டு இல்லை என்று சொல்லலாம். ஆனால் அவளிடம் அதைச் சொன்னவன் என்ன குரலில் சொன்னான் என்பது எனக்குத் தெரியாதா? "சில பேர் திட்டாத்தான் சொல்றாங்க. அது அவங்க தப்பு" என்றேன். உண்மையைச் சொன்னதால்தான் அவள் மறுபடியும் வந்தாள் என்று நினைக்கிறேன். நம்மிலேயே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண்ணின் நிறத்தைப் பேசிப் பேசி எத்தனை பெண்களை அழ வைத்திருக்கிறார்கள்! அதே நோய்தான் இது.

தெருவை நீ ஒருத்தியாக மாற்ற முடியாது. ஆனால் வேடிக்கை பார்ப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். நான் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுக்குக் கோலம் போடச் சொல்லிக் கொடுங்க, எனக்குக் குனிய முடியலை" என்றேன். அஞ்சு வாரமாக ஜன்னலுக்குள் நின்று பார்த்தவர், அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்துக் காட்டினார். இப்போது அவள் தெருமுனையில் வரும்போதே "வா கண்ணு, சாப்டியா?" என்பது அவர்தான். முடியைத் தொட வருபவரிடம் மட்டும் இரக்கமே வேண்டாம். "கேட்காமல் தொடாதீங்க" என்று நீயே முன்னால் நின்று சொல். அவளைச் சொல்ல வைக்காதே; விருந்தாளிக்கு அந்தப் பாரம் கூடாது. 'தொடாதீங்க' என்ற வார்த்தையை மட்டும் அவளுக்கும் கற்றுக் கொடுத்து வை, நீ பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு.

சொந்தக்காரர்கள் பேச்சு உன் வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே நீ வாயை மூடிக்கொண்டிருக்கலாகாது.

*

கேள்வி: நான் ஊத்தங்கரைப் பெண். அமெரிக்காவில் எம்.எஸ். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் 'கான்வர்சேஷன் பார்ட்னர்' என்று ஓர் அமெரிக்க மாணவியை எனக்குச் சேர்த்திருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம். முதல் இரண்டு சந்திப்பும் வானிலையிலேயே முடிந்துவிட்டன. எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், பேச வராது. விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: விடாதே மகளே. அந்தப் பெண் உன் ஆசிரியையும் இல்லை, உனக்கு மார்க் போடுபவளும் இல்லை. பெரும்பாலும் அவளும் சம்பளமில்லாமல் விருப்பப்பட்டு வந்தவள்தான். உனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததால்தான் வானிலை. கேட்டு வாங்கு. "எனக்குப் போனில் பேசினால் புரிவதில்லை, அதைப் பழக்கு" என்று சொல். வீட்டுக்காரருக்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று போன் செய்வது போல இருவரும் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு பேசிப் பாருங்கள். அடுத்த வாரம் அவளோடு கடைக்குப் போ, நீயே பேசு, அவள் பக்கத்தில் நிற்கட்டும்.

உனக்குத் தடுமாறுகிற இடம் எது என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். நமக்கு 'ப' என்று ஒரே எழுத்து, அவர்களுக்கு அது இரண்டு ஒலி. நமக்கு 'வ' ஒன்றுதான், அவர்களுக்கு உதட்டைப் பல்லில் வைத்து ஒன்று, உதட்டைக் குவித்து ஒன்று. எனக்கு இது தெரியும், ஆனால் காதால் பிரித்துக் கேட்க அவள்தான் வேண்டும். அதை மட்டும் அவளிடம் வெளிப்படையாகத் திருத்தச் சொல், பத்து நிமிஷத்துக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

உன்னிடமும் கொடுக்க ஏதாவது இருக்கட்டும். நம் பக்கத்து மாங்காயைப் பற்றிச் சொல்லேன். ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில் கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டி நிற்கும் மாங்காய் வண்டிகள், கிளி மூக்கு மாதிரி வளைந்த பெங்களூரா. இதைக் கேட்டால் எந்தப் பெண்ணும் வானிலையை மறந்துவிடுவாள். அவள் ஆசைப்பட்டால் 'ழ' சொல்லிக் கொடு. அமெரிக்கர்கள் 'ர' சொல்லும்போது நாக்கைச் சுருட்டுகிறார்களே, கிட்டத்தட்ட நம் ழகரம்தான் அது. இங்கே எத்தனையோ பேர் 'வாளப்பளம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முதல் நாளிலேயே 'வாழைப்பழம்' என்பாள், பார்.

*

கேள்வி: அந்தத் தான்சானியாப் பெண் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள்?
– ஏழாம் வகுப்பு மாணவி, காரிமங்கலம்

பதில்: முதலில் மேடம் என்றாள். களி கிண்டிய நாளுக்குப் பிறகு ம்வாலிமு. அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று அர்த்தம். அவர்களுடைய முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயைக்கூட அந்த நாட்டு மக்கள் அப்படித்தான் சொல்வார்களாம். போன லீவுக்கு என் தங்கை மகள் வந்து பத்து நாள் இருந்தாள். அதிலிருந்து பெரியம்மா.